பி1 லேசன்: கேள்வியை முதல் பார்ப்பதா, பந்தியை முதல் வாசிப்பதா?

கோத்தே நிறுவனத்தின் ஜேர்மன் மொழிச் சோதனையில் பி1 என்பது நடு மட்டம், லேசன் என்பது அதன் வாசிப்புப் பிரிவு. திருகோணமலையில் ஜேர்மன் படிக்கிற நாலு பேர் ஒரு தேத்தண்ணிக் கடையில் கூடினால், அதை எப்படிச் செய்வது என்ற சண்டை வராமல் போகாது. முதல் கேள்வியைப் பார், பிறகு பந்தியில் தேடு என்பார் ஒருவர். அதெல்லாம் குறுக்குவழி, ஆறுதலாக ஒருதரம் முழுக்க வாசித்தால் விடை தன்பாட்டில் வரும் என்பார் இன்னொருவர். மூன்றாவது கட்சியும் உண்டு, ஆள்பலம் கூடிய கட்சி: கேள்வியில் இருக்கிற சொல் பந்தியில் எங்கே கிடக்கிறதோ அங்கேதான் விடை.

நான் அந்த மூன்றாவது கட்சி. அப்படித்தான் கொழும்புக்கு இரவு ரயில் ஏறினேன், நூற்றுக்கு 57 புள்ளியோடு திரும்பினேன். வேண்டியது 60. முப்பது கேள்வியில் பதினேழு சரி, இன்னும் ஒன்றே ஒன்று சரியாகியிருந்தால் போதும். சோதனையின் மற்ற மூன்று பிரிவும் பாஸ். கோத்தே பி1 சோதனையில் ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாக எழுதலாம் என்பதால் லேசனுக்கு மட்டும் திரும்பக் காசு கட்டினேன். மச்சாள் என்னோடுதான் படித்தாள், இரண்டாவது கட்சி, முதல் தடவையே பாஸ். அந்தக் கடுப்பில்தான் பழைய மாதிரித் தாள்களை எடுத்துவைத்து, எந்த முறை எந்த இடத்தில் காலை வாருகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். டச்சுக் குடா கடற்கரையில் பின்னேரங்களில் வாசிப்பேன். ஒருநாள் வினாத்தாளின் ஒரு மூலையை மான் தின்றுவிட்டது. எங்கள் ஊர்க்காரருக்கு இது புதினமில்லை.

லேசன் தாள் இப்படி: 65 நிமிடம், ஐந்து பகுதி, 30 கேள்வி. பகுதிகளுக்கு அவர்களே போட்டிருக்கிற நேரம் 10, 20, 10, 15, 10. விடைகளை விடைத்தாளுக்கு மாற்றுகிற நேரமும் இந்த 65க்குள் அடக்கம்.

முதலில் என் கட்சியைக் கவனிப்போம், சொல் வேட்டை. கெதியாக முடியும், அதுதான் அதன் மயக்கம். முதலாம் பகுதியில் ஒருவர் எழுதிய மின்னஞ்சல் மாதிரி ஒன்று வரும், ஆறு கூற்றுக்கு ‘ரிஷ்டிஷ்’ அல்லது ‘ஃபால்ஷ்’, அதாவது சரியா பிழையா. கூற்று, அன்னா வேலையை விட்டுவிட்டாள் என்று சொல்கிறது. பந்தியில் ‘ஐகென்ட்லிஷ் வொல்ட்டெ இஷ் க்யூண்டிகன்’ என்று இருக்கிறது. க்யூண்டிகன் என்றால் வேலையை விடுவது, சொல் கிடைத்துவிட்டது, ரிஷ்டிஷ் போட்டாயிற்று. ஆனால் அந்த வரி சொல்வது ‘வேலையை விடத்தான் நினைத்திருந்தேன்’ என்பதை. அடுத்த வரி ‘ஆபர்’, ஆனால், என்று தொடங்கும். ஐகென்ட்லிஷைக் கண்டால் பின்னால் ஒரு ஆனால் வருகிறது என்று காதைத் தீட்டவேண்டும், நான் க்யூண்டிகனைக் கண்ட இடத்திலேயே நின்றுவிட்டேன். இன்னொன்று: ‘இஷ் நேமெ டாஸ் அன்கெபோட் நிஷ்ட் அன்’. நேமெ, எடுக்கிறேன், தொடக்கத்திலேயே நிற்கிறது. வாசித்து முடித்தால்தான் தெரியும், ‘அந்த வாய்ப்பை நான் ஏற்கவில்லை’ என்பது. வினையின் தலை நேமெ முன்னுக்கு, ‘இல்லை’ என்கிற நிஷ்டும் வினையின் வாலான அன்னும் கடைசியில்.

இதில் வெட்கம் என்னவென்றால், வாக்கியத்தின் கடைசிவரை காத்திருப்பது தமிழருக்குப் பிறவிப் பழக்கம். வந்தானா வரவில்லையா என்பதே எங்களுக்குக் கடைசியில்தான் தெரியும். வீட்டில் அம்மா கதைக்கும்போது பாதியில் முடிவெடுக்காத நான் ஜேர்மனில் மட்டும் பாதியில் முடிவெடுத்தேன். இந்தப் பகுதிக்கு மச்சாளின் வழியே சரி: மின்னஞ்சல் சின்னது, ஒரே ஆளின் கதை, முழுக்க வாசித்துவிட்டுக் கேள்விக்குப் போனால் நேரம் மிஞ்சும்.

ஆனால் அவள் வழி மூன்றாம் பகுதியில் முட்டாள்தனம், அவளிடமே சொல்லியிருக்கிறேன். அங்கே பத்து விளம்பரம், ஏழு ஆட்களின் தேவை. பத்தையும் ஆறுதலாக வாசித்தால் பத்து நிமிடமும் வாசிப்பிலேயே போய்விடும், எடுத்துக்காட்டுக்குக் கொடுத்த விளம்பரத்தையும் சேர்த்து வாசிப்பீர்கள், அதைத் திரும்பப் பாவிக்கவும் முடியாது, முதலே வெட்டிவிடுங்கள். இங்கே கேள்விதான் முதல். ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு நிபந்தனை இருக்கும், இரண்டுக்கும் கீழே கோடு. ஆறு வயதுப் பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு, சனி ஞாயிறு மட்டும் என்றால், ஒரு விளம்பரம் சனிக்கிழமை நடக்கும் ஆனால் ‘அப் ஸீபன் யாரன்’, ஏழு வயதிலிருந்து. இன்னொன்று வயது சரி ஆனால் வார நாட்கள். ஒரு நிபந்தனை பொருந்தினால் மனசு அவசரப்படும். ஒருவருக்குப் பொருத்தமான விளம்பரமே இருக்காது, அவருக்குச் சைபர் போடவேண்டும். சைபர் போடப் பயந்தால் இரண்டு கேள்வியையும் இழக்கலாம், ஏனென்றால் அவருக்குக் கொடுத்த விளம்பரம் வேறொருவருக்கு உரியதாக இருக்கலாம்.

இரண்டாம் பகுதி இரண்டு செய்திக் கட்டுரை, மூன்று மூன்று கேள்வி, விடை ஏ, பி, சி. இங்கே இரண்டு கட்சியும் பாதிப் பாதி சரி. கேள்வியை மட்டும் பாருங்கள், கீழே உள்ள மூன்று விடையை முதல் வாசிக்காதீர்கள், அதில் இரண்டு பொய், பொய்யைத் தலையில் ஏற்றிக்கொண்டு பந்திக்குப் போனால் பந்தியே பொய் சொல்வதுபோல் தெரியும். பிறகு பந்தி பந்தியாக. கட்டுரை எதைப்பற்றி என்ற கேள்வி முதலாவதாக நின்றால் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

நாலாம் பகுதியில் ஒரே விடயத்துக்கு ஏழு பேர் கருத்துச் சொல்வார்கள், ‘யா’ அல்லது ‘நைன்’. ஞாயிறு கடை திறப்பதைத் தடுக்கவேண்டுமா என்று கேள்வி என்றால், ஞாயிறு கடைக்குப் போக ஆசைப்படுகிறவருக்கு விடை நைன். இந்தத் திருப்பத்தில் நான் நாலு கேள்வி விட்டேன். கேள்வியைத் தமிழில் ஒரு வரியாக ஓரத்தில் எழுதிவையுங்கள், ஒவ்வொருவரிடமும் அதையே கேளுங்கள். ஐந்தாம் பகுதி வீட்டு ஒழுங்கு, கட்டட விதி மாதிரி ஒன்று, நாலு கேள்வி. தலைப்பைப் பார்த்து உரிய பந்திக்குப் போங்கள், மற்றதைத் தொடவே வேண்டாம்.

எதைத் தொட்டுத் தொடங்குவது என்பதிலும் இரண்டு பேச்சு. வரிசையாகப் போ என்பாள் மச்சாள். நான் இப்போது மூன்று, ஐந்து, ஒன்று, நாலு, கடைசியில் இரண்டு. களைத்த பிறகும் கட்டுரையில் மூன்றில் ஒன்றை ஊகித்துப் போடலாம், பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஆனால் வரிசை மாற்றினால் விடைத்தாளில் கட்டம் தவறாமல் பார்க்கவேண்டும், அதனால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் உடனே மாற்றிவிடுவேன்.

தொடக்க மட்டமான ஏ1 எழுதுகிறவர்கள், முக்கியமாகக் கணவனிடமோ மனைவியிடமோ போக விசாவுக்காக எழுதுகிறவர்கள், இந்தச் சண்டைக்குள் வரத் தேவையில்லை. அதன் வாசிப்பு 25 நிமிடம், 15 கேள்வி, சின்னக் குறிப்பும் விளம்பரமும் அறிவிப்புப் பலகையும்தான்.

டெல்க் என்ற இன்னொரு நிறுவனத்தின் பி1 எழுதுபவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே வாசிப்பும் இலக்கண இடைவெளி நிரப்பலும் சேர்த்து 90 நிமிடம். நீண்ட கட்டுரையில் ஒரு கேள்விக்கு 5 புள்ளி, இலக்கண இடைவெளி ஒன்றுக்கு 1.5. மச்சாளின் தம்பி இலக்கணத்தில் கெட்டிக்காரன், அதனால் அதை முதல் எடுத்து அரை மணித்தியாலம் ரசித்துச் செய்கிறான். கட்டுரைக்கு வரும்போது மணி பார்க்கிறான்.

இரண்டாம் தடவை எனக்கு 83. மச்சாளுக்கு அப்போதே 90, இன்னும் வரிசையாகத்தான் போகவேண்டும் என்கிறாள்.