யூடியூப் ஆடியோ லைப்ரரி: கத்திரிக்காய்க் குழம்புக்குக் கிடைத்த இசை

இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயில் அம்மா வைக்கும் காரக்குழம்பை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டேன். பின்னணிக்கு, 'காப்புரிமை இல்லாதது' என்று ஒரு தளத்தில் கிடைத்த புல்லாங்குழல் இசை. இரண்டே நாளில் அந்த இசைக்கு யாரோ உரிமை கோரிவிட்டார்கள். அம்மாவின் குழம்பு, வருமானம் யாருக்கோ! ரொம்ப வருத்தமாகிவிட்டது.

அப்புறம்தான் நம் சேனலை நிர்வகிக்கும் பக்கமான யூடியூப் ஸ்டுடியோவுக்குள்ளேயே இருக்கும் ஆடியோ லைப்ரரி என்ற இசைத் தொகுப்புக்கு வந்தேன். கட்டணம் கிடையாது. மனநிலை, இசை வகை, நீளம் என்று பிரித்துத் தேடலாம், எம்பி3 ஆக இறக்கிக்கொள்ளலாம். வேலூர்க் கோட்டை அகழியை விடியற்காலையில் எடுத்த 40 விநாடிக் காட்சிக்கு மெல்லிய கிட்டார் ஒன்று அப்படியே பொருந்தியது. தண்ணீர், பறவை மாதிரி ஒலிகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாட்டுக்கு நேரே 'சிசி' குறி இருந்தால் அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். இசையமைத்தவர் பெயரை வீடியோவின் விளக்கத்தில் போட்டே ஆக வேண்டும். குறியைத் தொட்டால் அந்த வரிகள் வரும், நகலெடுத்து ஒட்டினால் போதும். அவசரம் என்றால், பெயர் குறிப்பிடத் தேவையில்லாதவற்றை மட்டும் வடிகட்டிக்கொள்ளலாம். நான் அவற்றுக்கும் பெயர் போடுகிறேன்.