மேய்ப்பன், தளபதி, சீமாட்டி, பிரபு: இத்தாலி ஒன்றான கதையை எந்தப் படத்தில் பார்ப்பது?

1860 மே 15. மேற்குச் சிசிலியில் கலாதாஃபிமி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்று. உச்சியில் பூர்போன் மன்னரின் படை. அடிவாரத்தில், இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய தளபதி கரிபால்டியோடு கப்பலில் வந்திறங்கிய ஆயிரத்துச் சொச்சம் தன்னார்வலர்களும், அவர்களோடு சேர்ந்துகொண்ட உள்ளூர்க்காரர்களும். குன்றின் சரிவு படிப்படியாக வெட்டப்பட்ட விளைநிலம். ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் குண்டுகளை வாங்கிக்கொண்டுதான் மேலே போயாக வேண்டும்.

இந்த ஒரே சண்டையை இத்தாலியின் இரண்டு பெரிய இயக்குநர்கள் எடுத்திருக்கிறார்கள். அலெசாந்த்ரோ பிளாசெட்டி 1934-இல் வெளிவந்த ‘1860’ படத்தில். ரோபெர்த்தோ ரோசெல்லினி 1961-இல் ‘விவா லித்தாலியா’ படத்தில். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தேன். இத்தாலி ஒன்றான கதைக்கு எந்தப் படத்தில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் அப்போதுதான் உறுதியானது. லூக்கினோ விஸ்கோந்தியின் ‘சென்சோ’ (1954), ‘இல் கத்தோபார்தோ’ (1963) இரண்டையும் சேர்த்தால் மொத்தம் நான்கு படங்கள். நான்குமே நல்ல படங்கள்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பிளாசெட்டியின் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் என்பதே என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சரித்திரம் கொஞ்சம். அன்று இத்தாலி என்று ஒரு நாடு கிடையாது. வடமேற்கே பியமோந்தே அரசு, வெனிசைச் சுற்றி ஆஸ்திரிய ஆட்சி, நடுவே போப்பாண்டவரின் நிலம், தெற்கே நேப்பிள்ஸும் சிசிலியும் சேர்ந்த பூர்போன் அரசு. 1860 மே 5 இரவு ஜெனோவாவை அடுத்த குவார்த்தோவிலிருந்து ‘பியமோந்தே’, ‘லொம்பார்தோ’ என்ற இரண்டு நீராவிக் கப்பல்களில் கரிபால்டியின் ஆட்கள் கிளம்பினார்கள். மே 11-இல் மார்சாலாவில் இறங்கினார்கள். செப்டம்பர் 7-இல் நேப்பிள்ஸ் அவர் கையில். அடுத்த ஆண்டு மார்ச் 17-இல் இத்தாலிய அரசு அறிவிக்கப்பட்டது. வெனிஸ் 1866-இலும் ரோம் 1870-இலும் சேர்ந்தன. இவ்வளவு தெரிந்தால் நான்கு படங்களுக்கும் போதும்.

‘1860’ படத்தின் நாயகன் கார்மெலித்து, மலையில் ஆடு மேய்க்கும் சிசிலிக்காரன். புதிதாகக் கல்யாணம் ஆனவன். மனைவி பெயர் ஜெசுத்சா. அவர்களுடைய மலைக் கிராமத்தை மன்னரின் கூலிப்படை நசுக்குகிறது. அந்தப் படையாட்கள் பேசுவது ஜெர்மன். தங்களைச் சுடுபவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றுகூட கிராமத்தாருக்குப் புரியவில்லை. ஊர்ப் பாதிரியார் கார்மெலித்துவைக் கடல் தாண்டி அனுப்புகிறார்: ஜெனோவாவுக்குப் போ, கரிபால்டி வருவாரா என்று கேட்டு வா. அவ்வளவுதான் கதை. அவன் போகிறான், கேட்கிறான், கரிபால்டியின் செஞ்சட்டைக்காரர்களோடு திரும்பி வருகிறான், கலாதாஃபிமியில் சண்டை போடுகிறான்.

அந்தப் பயணத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. வழியில் ரயிலிலும் ஊர்களிலும் படித்தவர்கள் வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவருக்கு விடுதலைச் சிந்தனையாளர் மாஜினி சொன்ன குடியரசு வேண்டும், இன்னொருவருக்குப் போப் தலைமையில் நாடு வேண்டும், வேறொருவருக்கு பியமோந்தே மன்னர் போதும். கார்மெலித்து ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறான். பாதி புரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஊரில் ஆட்கள் சாகிறார்கள், உதவி வேண்டும். ‘மாஜினியின் சபதம்’ என்று பாரதி பாடியதைப் பள்ளிப் பருவத்தில் படித்ததிலிருந்து மாஜினி என்றாலே எனக்குள் ஒரு கம்பீரமான உருவம் இருந்தது. அந்தப் பெயர் படிப்பறிவில்லாத ஒரு மேய்ப்பனின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசிக்க வைத்தது இந்தப் படம்தான்.

கார்மெலித்துவாக நடித்த ஜுசெப்பே குலினோவும் ஜெசுத்சாவாக வரும் அயிதா பெல்லியாவும் தொழில்முறை நடிகர்கள் கிடையாது. வெயிலில் காய்ந்த முகங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியில் எழுந்த நியோரியலிச அலைக்குப் பத்தாண்டுகள் முன்பே, நிஜ இடங்களில் நிஜ மனிதர்களை வைத்து எடுத்த படம். இன்னொரு விஷயமும் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் வட்டார மொழியிலேயே பேசுகிறார்கள். முசோலினி அரசு வட்டார மொழிகளை ஒதுக்கிப் பொது இத்தாலியனைத் திணித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரே கப்பலில் போகிறவர்கள் ஒருவர் பேச்சு ஒருவருக்கு அந்நியமாக இருக்க, அந்தக் கப்பலைத்தான் பிளாசெட்டி இத்தாலி என்கிறார்.

அப்புறம் கரிபால்டி. படம் முழுக்க அவர் வருவது சில கணங்கள்தான், அதுவும் பெரும்பாலும் தூரத்தில். எல்லோரும் அவரைப் பற்றியே பேசுகிறார்கள், அவருக்காகவே காத்திருக்கிறார்கள், ஆனால் கேமரா அவரைத் தேடிப் போவதில்லை. ஒரு தேசத் தலைவரை இப்படி ஓரமாக நிறுத்தி அவர் கதையைச் சொல்லும் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ரோசெல்லினி இதற்கு நேர் எதிர்த் திசை. நாடு ஒன்றானதன் நூற்றாண்டுக்கு வந்த அவர் படத்தில் கரிபால்டிதான் எல்லாம். மேடை நடிகர் ரென்சோ ரிச்சி அந்த வேடத்தில். ஆனால் சிலையாக்கவில்லை, வாத நோயால் அவதிப்படும், களைத்துப்போகும் ஐம்பத்திரண்டு வயதுக்காரராக அவரைக் காட்டியது ரோசெல்லினியின் வெற்றி. குவார்த்தோவில் தொடங்கி, அக்டோபர் 26-இல் தெயானோவில் பியமோந்தே மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலைச் சந்தித்து, வென்ற தெற்கை அப்படியே ஒப்படைத்துவிட்டு, கப்ரேரா தீவுக்குக் கிளம்புவது வரை போகிறது படம். யார் எங்கே போனார்கள், எந்த நகரம் எப்போது விழுந்தது என்று தெளிவாகப் புரிய வேண்டுமா, நான்கில் இதுதான் உதவும்.

இப்போது அந்தக் குன்றுக்கு வருவோம். ரோசெல்லினி கலாதாஃபிமியை எட்ட நின்று, நீளமான ஷாட்களில், ஜூம் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டுகிறார். சரிவு முழுவதும் ஒரே சட்டத்தில் தெரிகிறது. செஞ்சட்டைப் புள்ளிகள் ஏறுகின்றன, நிற்கின்றன, மறுபடி ஏறுகின்றன. போர் எப்படி நடந்தது என்று கண்ணால் பார்த்த மாதிரி இருக்கிறது. பிளாசெட்டியிடம் அந்தத் தெளிவு கிடையாது. அவர் கேமரா ஆட்களுக்கு நடுவில் நிற்கிறது. புகை, ஓட்டம், விழுகிற உடல்கள். ஜெசுத்சா விழுந்துகிடப்பவர்களுக்கு நடுவே கணவனைத் தேடி வருகிறாள். சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு பையன் அவளைத் தன் அம்மா என்று நினைத்துக்கொள்கிறான். ரோசெல்லினியின் சண்டை முடிந்ததும் எனக்குப் போரின் வரைபடம் மனதில் இருந்தது. பிளாசெட்டியின் சண்டை முடிந்ததும் அந்தப் பையன்தான் இருந்தான். பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்கு முதலாவது பொருத்தம். ஒரு நாடு என்ன விலை கொடுத்து உண்டானது என்று உணர இரண்டாவது வேண்டும்.

சரி, ‘1860’ மீது உள்ள குற்றச்சாட்டை மறைக்கக் கூடாது. இது பாசிச ஆட்சியில் வந்த படம். 1934-இல் வெளியானபோது கடைசியில் ஒரு காட்சி இருந்தது: ரோமில் முசோலினி பெயரில் எழுந்த மைதானத்தில் வயதான கரிபால்டி வீரர்களும் முசோலினியின் இளம் கருஞ்சட்டைக்காரர்களும் ஒன்றுசேர்கிறார்கள். 1860-இன் தொடர்ச்சிதான் முசோலினி ஆட்சியைப் பிடித்த 1922 என்று சொல்லும் அப்பட்டமான பிரச்சாரம். 1951-இல் மறுபடி வெளியிட்டபோது அதை வெட்டிவிட்டார்கள். அந்தக் காட்சியைப் பற்றித் தெரிந்துகொண்டுதான் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதே நேரம், அதற்கு முந்தைய ஒரு மணிக்கும் மேற்பட்ட நேரம் முழுக்க அந்தப் பிரச்சாரத்துக்கு எதிராகவே பேசுகிறது: தலைவன் தூரத்தில் நிற்கிறான், கருத்துகள் பலவாக இருக்கின்றன, மொழிகள் பலவாக இருக்கின்றன. ஒட்டவைத்த முடிவு அந்த உடம்போடு ஒட்டவே இல்லை.

‘சென்சோ’ இந்த வரிசையில் தனி. காலம் 1866, இடம் வெனிஸ். லா ஃபெனிச்சே அரங்கில் வெர்தியின் ‘இல் த்ரோவத்தோரே’ இசை நாடகம் நடக்கும்போது மேல்தட்டிலிருந்து மூவண்ணத் துண்டுச் சீட்டுகள் ஆஸ்திரிய அதிகாரிகள் தலையில் மழையாகக் கொட்டும் தொடக்கம் இருக்கிறதே, இதைவிட அழகான தொடக்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அலிதா வல்லி நடிக்கும் லிவியா சீமாட்டி, போராளிகள் நம்பிக் கொடுத்த பணத்தை எதிரிப் படையில் இருக்கும் காதலனுக்கு அள்ளிக் கொடுக்கிறாள். அவன் அதை வைத்து மருத்துவருக்கு லஞ்சம் கொடுத்துப் போரிலிருந்து தப்பிக்கிறான். அந்தப் போர்தான் ஜூன் 24-இல் குஸ்தோத்சாவில் இத்தாலி தோற்ற போர். விஸ்கோந்தி படத்துக்கே ‘குஸ்தோத்சா’ என்று பெயர் வைக்க விரும்பினார், நடக்கவில்லை. தன்னார்வப் போராளிகளை அரசுப் படை ஒதுக்கியதைப் பேசும் காட்சியைத் தணிக்கை வெட்டியது. நாடு வெனிசைப் பெற்றது பிரஷ்யா ஆஸ்திரியாவை வென்றதால்தான் என்ற கசப்பு படத்தின் அடியில் ஓடுகிறது. ஆனால் காதல் கதை மேலே இருப்பதால், பின்னணி தெரியாமல் பார்த்தால் அந்தக் கசப்பு பிடிபடாது.

‘இல் கத்தோபார்தோ’ நான்கிலும் புகழ்பெற்றது. 1963-இல் கான் விழாவின் தங்கப் பனை விருது வாங்கியது. பர்ட் லான்காஸ்டர் சிசிலியப் பிரபு சலீனாவாக வாழ்ந்திருக்கிறார். கரிபால்டி வந்திறங்கிய செய்தி அவருக்கு ஒரு தொந்தரவு. அவர் மருமகன் தான்க்ரேதிக்கோ ஒரு வாய்ப்பு. பலெர்மோ தெருச் சண்டையில் செஞ்சட்டை போட்டவன், கொஞ்ச நாளில் அரச படையின் சீருடைக்கு மாறிவிடுகிறான். இணைப்புக்கான வாக்கெடுப்புக் காட்சியைக் கவனியுங்கள்: ‘வேண்டாம்’ என்று போட்ட, பிரபுவின் வேட்டைத் துணைவர் தோன் சிச்சோவின் ஓட்டு எண்ணிக்கையில் காணாமல் போகிறது. நிஜத்தில் சிசிலி முழுவதும் பதிவான கணக்கு, ஆதரவாக 4,32,053, எதிராக 667. அந்த எண்களைத் தெரிந்துகொண்டு பார்த்தால் தோன் சிச்சோவின் கோபம் இன்னும் சுடும்.

முக்கால் மணி நேரம் நீளும் நடன விருந்து, நினோ ரோத்தாவின் இசை, பலெர்மோ மாளிகையின் தங்க அறைகள் எல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்தவை. எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி நிமிடங்கள். விடிகாலையில் எங்கோ துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. அரசுப் படையை விட்டுக் கரிபால்டியோடு போய்ச் சேர்ந்த படைவீரர்களைப் புதிய நாடு சுட்டுக்கொல்கிறது. வண்டியில் வீடு திரும்பும் பணக்காரர் ஒருவர் அது நல்லதுதான் என்கிறார். கலையாக எடுத்துக்கொண்டால் நான்கில் இதுவே உச்சம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதை முதலில் பார்ப்பவருக்கு அந்தச் சத்தம் வெறும் சத்தம். கார்மெலித்துவோடு குன்று ஏறிவிட்டு வந்தவருக்கு, சுடப்படுபவன் முகம் தெரியும்.

எனவே என் வரிசை: ‘1860’, பிறகு ‘விவா லித்தாலியா’, பிறகு ‘இல் கத்தோபார்தோ’, நேரம் இருந்தால் ‘சென்சோ’. விஸ்கோந்தி படங்கள் இரண்டையும் ஆங்கில டப்பிங்கில் பார்க்க வேண்டாம். இரண்டுமே அதில் வெட்டிச் சுருக்கப்பட்டவை. இத்தாலிய மொழியில், சப்டைட்டிலோடு பாருங்கள். லான்காஸ்டரின் சொந்தக் குரல் அதில் இருக்காது, பரவாயில்லை. ‘1860’-க்கு எழுபத்தைந்து, எண்பது நிமிடங்கள் போதும். ‘இல் கத்தோபார்தோ’வுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டும்.

நான்கையும் பார்த்து முடித்தவர்களுக்கு ஐந்தாவதாக ஒன்று: ஃப்லொரெஸ்தானோ வன்சினி 1972-இல் எடுத்த ‘புரோந்தே’. கலாதாஃபிமி வெற்றிக்கு இரண்டரை மாதம் கழித்து, எட்னா மலைச் சரிவில் இருக்கும் அந்த ஊரில், கரிபால்டி வாக்களித்த நிலம் கிடைக்கும் என்று காத்திருந்த விவசாயிகள் எழுந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களைக் கொன்றார்கள். கரிபால்டியின் வலக்கரமான நீனோ பிக்சியோ வந்து, அவசர விசாரணை நடத்தி, ஆகஸ்ட் 10-இல் ஐந்து பேரைச் சுட்டுக்கொல்லச் செய்தார். ‘1860’ முடியும்போது கார்மெலித்து மனைவியைக் கட்டிக்கொண்டு, நாம் இத்தாலியை உண்டாக்கிவிட்டோம் என்று கரிபால்டி சொன்னதாகச் சொல்கிறான். ‘புரோந்தே’ பார்த்த இரவில் நான் அந்தக் கடைசிக் காட்சியைத் திரும்பப் போட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.