ஃபார்ம் உறுப்புகளைத் தேட குவெரிசெலக்டர்ஆல்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

வலைப்பக்க ஃபார்மில் உள்ள இன்புட்களைத் தேடி எடுப்பதற்கென்றே ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைச் சேர்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது தேவையே இல்லை. பிரவுசரிலேயே இருக்கும் குவெரிசெலக்டர்ஆல் (querySelectorAll, கொடுத்த செலக்டருக்குப் பொருந்தும் எல்லா உறுப்புகளையும் தருவது) தாராளமாகப் போதும். நேம், டைப், டேட்டா ஆட்ரிபியூட்களை (ஹெச்டிஎம்எல் டேக்கில் எழுதும் பண்புகளை) வைத்துத் தேடுவதில் அருமையான கருவி இது. இன்புட்[நேம்^="அட்ரஸ்_"] என்று கொடுத்தால், பெயர் அப்படித் தொடங்கும் எல்லா இன்புட்களும் வந்துவிடும். பெயரின் கடைசிப் பகுதியைப் பார்க்க $=, எங்கே இருந்தாலும் சரி என்றால் *=.

ஆட்ரிபியூட்டையே உறுப்பின் இப்போதைய நிலை என்று எடுத்துக்கொண்டால்தான் வம்பு. [வேல்யூ="..."] பார்ப்பது ஹெச்டிஎம்எல்லில் இருக்கும் மதிப்பை, பயனர் டைப் செய்தது அதற்குத் தெரியாது. [செக்ட்] இன்னும் மோசம்: பயனர் டிக்கை எடுத்த பிறகும் அந்தப் பெட்டியைக் கொண்டுவரும், புதிதாக டிக் போட்டதை விட்டுவிடும். அங்கே இப்போதைய நிலையைப் பார்க்கும் :செக்ட் தான் சரி. டிசேபிள் செய்த ஃபீல்ட்செட்டுக்குள் (இன்புட்களைத் தொகுக்கும் டேக்) இருக்கும் இன்புட்களும் இப்படித்தான்; [டிசேபிள்ட்] அவற்றைக் காட்டாது, :டிசேபிள்ட் காட்டும்.

பெயரில் சதுர அடைப்பு இருந்தால் மேற்கோள்குறி கட்டாயம். [நேம்="ஐட்டம்ஸ்[]"] ஓடும்; மேற்கோளை விட்டால் சிண்டாக்ஸ்எரர். பெயர் ஒரு வேரியபிளிலிருந்து வருகிறதா? சிறப்புக் குறிகளைச் சிக்கலில்லாமல் மாற்றித் தரும் சிஎஸ்எஸ்.எஸ்கேப் வழியாக அனுப்பிவிடுங்கள்.

டைப் எழுதாத இன்புட் திரையில் டெக்ஸ்ட் பெட்டியாகவே தெரிந்தாலும் [டைப்="டெக்ஸ்ட்"] அதைத் தொடாது. ஜேகுவெரியின் :டெக்ஸ்ட் 1.5.2 பதிப்பிலிருந்து அதையும் சேர்த்தே எடுக்கிறது; இந்த ஒன்றில் அது வசதி. ஆனால் ஒன்றுமே கிடைக்காதபோது ஜேகுவெரி வாய் திறக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். ஒற்றை உறுப்பைத் தேடும் குவெரிசெலக்டரோ 'நல்' (null, ஒன்றுமில்லை என்ற மதிப்பு) தரும், அதைத் தொட்ட வரியிலேயே எரர் விழும். பிழையைச் சீக்கிரம் காட்டிக்கொடுப்பதால் எங்கள் ஓட்டு இதற்கே. குவெரிசெலக்டர்ஆல் தருவது காலிப் பட்டியல் என்பதால், அங்கே லெங்த்தை (எண்ணிக்கையை) நீங்களேதான் பார்க்க வேண்டும்.

குவெரிசெலக்டர்ஆல் தரும் பட்டியலான நோட்லிஸ்ட் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஃபார்மில் புது வரிசை சேர்ந்தால் மறுபடி தேட வேண்டும். ஃபார்ஈச் உண்டு, மேப் கிடையாது, அரே.ஃப்ரம் போட்டு அரேயாக மாற்றிக்கொள்ளலாம்.

ஃபார்முக்கு வெளியே வைத்து, ஃபார்ம் ஆட்ரிபியூட்டால் இணைத்த பட்டன்களை ஃபார்ம்.குவெரிசெலக்டர்ஆல் பார்க்காது. அதற்கு ஃபார்ம்.எலிமென்ட்ஸ் இருக்கிறது, அதில் டைப் இமேஜ் உள்ள இன்புட் மட்டும் வராது.