முன் சைட்டில் நிற்கும் கண்: ஏர் பிஸ்டலில் மூன்று வருட அனுபவம்

குறி பார்த்துச் சுடுவது என்றுதான் நாம் சொல்கிறோம். மகளை ரைஃபிள் பயிற்சிக்குக் கூட்டிப்போய் ரேஞ்ச் வாசலில் காத்திருந்த காலத்தில், நானும் ஒரு பிஸ்டலைக் கையில் எடுத்தேன். அப்போது அந்தச் சொல்லை அப்படியே நம்பினேன். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் கறுப்பு வட்டத்தை எவ்வளவு கூர்ந்து பார்க்கிறேனோ அவ்வளவு சரியாகப் படும் என்று நினைத்தேன். ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் பத்துப் புள்ளி, 60 ஷாட்டுக்கு 600. முதல் எட்டு மாதம் 490ஐத் தாண்டவே முடியவில்லை. ஒரு பத்து விழும், அடுத்தது ஆறு, அப்புறம் எட்டு, திரும்ப ஐந்து. கை நடுங்குகிறது என்று நினைத்து வீட்டில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் பயிற்சி செய்தேன். தோள் பலமானது, ஸ்கோர் அதே இடத்தில் நின்றது.

எங்கள் கோச் ஒரு நாள் என் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பிஸ்டலையும் பார்க்கவில்லை, கறுப்பு வட்டம் அச்சிட்ட குறி அட்டையையும் பார்க்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஷாட் முடிந்ததும், “கண்ணு ஓடிருச்சுங்க மேடம்” என்றார். எனக்குப் புரியவில்லை. “டிரிகர் விழறதுக்கு முன்னாடியே அட்டைக்கு ஓடிருச்சுங்க. பட்டுச்சான்னு பார்க்கப் போயிருச்சு.”

பிறகு அட்டையைத் திருப்பி வைத்தார். பின்பக்கம் வெறும் வெள்ளை. வட்டமே இல்லாத அட்டையில் பத்து பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) சுடச் சொன்னார். பார்க்க வேறு எதுவும் இல்லாததால், குழலின் நுனியில் குறி பார்ப்பதற்காக இருக்கும் முன் சைட்டை மட்டும் பார்த்தேன். அட்டை திரும்பி வந்தபோது பத்துத் துளையும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. அந்த எட்டு மாதத்தில் அப்படி ஒரு அட்டையை நான் பார்த்ததில்லை.

காரணம் எளிய கணக்குதான். கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். பிஸ்டலில் பின் சைட்டில் ஒரு பள்ளம், முன் சைட்டில் ஒரு கட்டை, அதற்கு அப்பால் அட்டை என்று மூன்று பொருள்கள் இருக்கின்றன. என் பிஸ்டலில் இரண்டு சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். முன் கட்டை அந்தப் பள்ளத்தில் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால், பத்து மீட்டரில் அது 30 மில்லிமீட்டர் விலகல். பத்து விழ வேண்டிய இடத்தில் ஏழு விழும். ஆனால் சைட் இரண்டும் நேராக இருந்து, கை மட்டும் ஐந்து மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடினால் அட்டையிலும் ஐந்து மில்லிமீட்டர்தான் விலகும். பத்து வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், பெல்லட் 4.5. அந்த ஆட்டத்திலும் பத்து கிடைக்கும். அதனால் கை ஆடுவதைப் பற்றி நான் பட்ட கவலையெல்லாம் இடம் மாறிப் பட்ட கவலை. கண் அட்டைக்குப் போனால் சைட் மங்கும், மங்கினால் அந்த ஒரு மில்லிமீட்டர் தெரியாது.

கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் இதைத்தான் ‘கொயட் ஐ’ என்று பெயரிட்டு ஆராய்ந்தார். கை கடைசி அசைவைத் தொடங்கும் முன், கண் ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறது என்பதே அளவு. 1996இல் கூடைப்பந்து ஃப்ரீ த்ரோவை வைத்து அவர் வெளியிட்ட ஆய்வில், கைதேர்ந்தவர்களின் கண் வளையத்தில் ஏறக்குறைய ஒரு நொடி நின்றது. மற்றவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. கோல்ஃபில் பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் விடும்போது, நல்ல ஆட்டக்காரர்களின் கண் பந்து போன பிறகும் அது இருந்த புல்லிலேயே சற்று நேரம் தங்கும். அதைப் படித்த அன்றுதான், ஷாட் முடிந்தும் சைட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று கோச் ஏன் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

இந்த மூன்று வருடத்தில் நான் அதிகம் செய்தது வீட்டுப் பயிற்சி. இரவு சமையலறை வேலை முடிந்ததும், பெல்லட் இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து இருபது நிமிடம். என் முன் சைட்டின் வலது மேல் மூலையில் அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கறுப்புப் பூச்சு உதிர்ந்திருக்கிறது. அந்தப் புள்ளி தெரிந்தால் கண் உண்மையிலேயே அங்கே இருக்கிறது. தெரியவில்லை என்றால் நான் சும்மா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறேன், அவ்வளவுதான். புள்ளி, கட்டையின் இரு பக்கமும் சமமாகத் தெரியும் இரண்டு வெளிச்சக் கோடுகள், பிறகு டிரிகர். டிரிகரைச் சுண்டினால் கட்டையின் மேல் விளிம்பு சட்டென்று தலையை ஆட்டும். கண் அங்கே இருந்தால்தான் அந்த ஆட்டம் தெரியும். கட்டை அசையாமல் ‘டிக்’ என்று கேட்கும் இரவுகளில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சிக்கல்களும் இருந்தன. அதிக நேரம் நின்றால் அதிக நல்லது என்று நினைத்து, ஒரு கட்டத்தில் பத்து நொடிக்கு மேல் முறைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஏழெட்டு நொடிக்குப் பிறகு கண் பார்ப்பதுபோல இருக்கும், ஆனால் படம் பழையதாகியிருக்கும். விளிம்புகள் கரையும். இப்போது ஆறு நொடிக்குள் ஷாட் விழவில்லை என்றால் கையை இறக்கிவிடுகிறேன். இதைப் பழக்கமாக்க ஒரு வருடம் ஆனது. ‘இன்னும் கொஞ்சம், இதோ வந்துவிடும்’ என்று மனம் சொல்லும்போது இறக்குவது மிகவும் கஷ்டம்.

இன்னொன்று கண்ணாடி. எனக்கு 43 வயது. முன் சைட் என் கண்ணிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. கோவையில் ஒரு கடையில் இதைச் சொல்லியும், புத்தகம் படிக்கும் தூரத்துக்கான பவரைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சைட்டே மங்கலாகத் தெரிந்தது. மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். பணமும் போனது, இரண்டு மாதமும் போனது. இரண்டாவது முறை, கையை நீட்டி நின்று டேப்பால் அளந்த தூரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வேறோர் இடத்துக்குப் போனேன். என் தூரப் பார்வைப் பவருக்கு மேல் 0.75 மட்டும் கூட்டினார்கள். கட்டையின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோலத் தெரிந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் மற்றப் பயிற்சிகளுக்கு முன் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இடது கண்ணை மூடிச் சுடுவதையும் விட்டுவிட்டேன். மூடிய கண்ணின் இறுக்கத்தில் திறந்த கண்ணின் இமை துடிக்கும். அதற்குப் பதிலாக ஒரு சின்ன மறைப்பு போதும், விதிப்படி 30 மில்லிமீட்டர் அகலம் வரை அனுமதி உண்டு. கறுப்பைவிடப் பால் வெள்ளைப் பிளாஸ்டிக் எனக்கு ஒத்துவந்தது, இரண்டு கண்ணுக்கும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரே அளவில் போகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் சாதாரணக் கண்ணாடியோடு இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சுட்டுக் கலப்பு அணியில் வெள்ளி வாங்கினார். நானும் முயன்றேன். எனக்கு இரண்டு சைட்டாகத் தெரிகிறது, மறைப்போடுதான் இருக்கிறேன்.

போட்டி வேறு உலகம். முதல் போட்டியில் பக்கத்திலேயே மானிட்டர். ஷாட் விழுந்த அடுத்த கணம் எண் தெரிந்துவிடும். நான்காவது ஷாட்டிலிருந்தே கண் அங்கே ஓட ஆரம்பித்தது, பிறகு ஷாட்டுக்கு முன்னாலேயே ஓடியது. அன்று 497. கால்பந்து பெனால்டியில், பதற்றத்தில் இருப்பவரின் கண் கோல்கீப்பர் மேலேயே ஒட்டிக்கொள்ளும், பந்தும் அவர் பக்கமே போகும் என்று 2009இல் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் காட்டியிருக்கிறார்கள். எதற்குப் பயப்படுகிறோமோ கண் அங்கே போகிறது. எனக்கு அந்த மானிட்டர்தான் கோல்கீப்பர். இப்போது ஷாட் முடிந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணி, புள்ளியைத் திரும்பப் பார்த்த பிறகுதான் தலையைத் திருப்புகிறேன்.

பயிற்சியில் இப்போது 535 பக்கம் வருகிறது, சிறந்தது 546. போட்டியில் இன்னும் பத்துப் புள்ளி குறைகிறது. ரேஞ்சில் வெளிச்சம் குறைந்த மழைநாளில் முன் சைட் பள்ளத்தோடு கலந்துபோய்விடுகிறது, அதற்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

கோச் இப்போது வேறு ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தன் ரைஃபிளை உறையில் வைத்துவிட்டு, அவர் உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்து என் கண்ணைப் பார்க்கிறாள். பத்து ஷாட்டில் எத்தனை தடவை “ஓடிருச்சும்மா” என்கிறாளோ அதை நோட்டில் குறிக்கிறேன். போன வாரம் மூன்று. இந்த வாரம் இரண்டு.