வேலூரில் ‘ஃபேமிலி ரூம்’ என்று பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள்

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் எடுக்கப்போகிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, வளர்ந்த பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு.

நாங்கள் கோவை. மகள் பிளஸ் டூ, மகன் ஒன்பதாவது. அவளுக்கு விஐடி வளாகத்தைப் பார்க்க ஆசை, அவனுக்கு 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த கோட்டை, எனக்கு ஜலகண்டேஸ்வரர் கோயிலும் ஸ்ரீபுரமும். ஆப்பில் தேடியபோது ‘ஃபேமிலி ரூம், 4 பேர், ஏசி, 2,200 ரூபாய், பணம் ஓட்டலில்’ என்று வந்தது. படத்தில் அகலமான ஜன்னல், இரண்டு டபுள் கட்டில். இரண்டு இரவுக்குப் போட்டோம்.

காட்பாடியில் விடியற்காலையில் இறங்கி ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். கவுன்டரில் இருந்தவர் நான்கு பேருடைய ஆதாரையும் வாங்கினார். பிள்ளைகளின் பிறந்த வருடத்தின் மேல் பேனா முனையை வைத்துக்கொண்டு, உதடு அசையக் கணக்குப் போட்டார். பிறகு மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு லேமினேட் அட்டையை உருவி எங்கள் பக்கம் திருப்பினார்.

“பன்னெண்டு வயசுக்கு மேல பெரியவங்க கணக்கு சார். ரூம் ரெண்டு பேருக்குத்தான். எக்ஸ்ட்ரா ஆளுக்கு அறுநூறு.”

ஆப்பில் நான்கு பேர் என்று இருப்பதைக் காட்டினேன். “அது ஆப்காரங்க போட்டது மேடம், எங்களுக்குத் தெரியாது” என்றார். அதற்கப்புறம்தான் விஷயமே. “அந்த புக்கிங்கை நீங்களே கேன்சல் பண்ணிடுங்க சார். இல்லேன்னா சிஸ்டம் ரூமை விடாது. நேரடியா கேஷா குடுத்துடுங்க.”

ராத்திரி முழுக்க ரயிலில் தூங்காத குடும்பம், காலடியில் பைகள், பாத்ரூம் எங்கே என்று கேட்கும் மகன். அந்த நேரம் பார்த்துக் கேட்டால் யாரும் செய்துவிடுவார்கள், அது அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் போனிலேயே கேன்சல் செய்தார். 2,200-உம் இரண்டு பேருக்கு 1,200-உம் சேர்த்து 3,400; அதன்மேல் 12 சதவீத வரி என்று 408. ஒரு இரவுக்கு 3,808, இரண்டு இரவுக்கு 7,616 ரூபாய் முன்பணமாக எண்ணி வாங்கிக்கொண்டார்கள். கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, பில் நம்பரும் இல்லை.

நாமாகவே கேன்சல் செய்துவிட்டால் ஆப்பின் கணக்கில் அது விருந்தாளியே வேண்டாம் என்று ரத்து செய்தது, அவ்வளவுதான். ஓட்டல் அறை தர மறுத்தது என்பதற்குத் தடயமே இருக்காது. கவுன்டரில் இப்படிக் கேட்டால் செய்யாதீர்கள். அங்கேயே நின்று ஆப்பின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஓட்டல்காரரையே பேசச் சொல்லுங்கள்.

சரி, அறைக்கு வருகிறேன். படத்தில் இருந்தது அடுத்த தெருவில் உள்ள அவர்களுடைய இன்னொரு கட்டிடமாம். எங்களுக்குக் கிடைத்த அறையின் ஜன்னலைத் திறந்தால் ஏசி மெஷின்கள் அனல் கக்கும் ஒரு சந்து. இரண்டு ஒற்றைக் கட்டிலை ஒட்டிப்போட்டு மேலே ஒரே பெட்ஷீட்டை இழுத்து மூடியிருந்தார்கள். நடுவில் கை நுழையும் இடைவெளி. ‘எக்ஸ்ட்ரா பெட்’ என்பது தரையில் போட்ட மெல்லிய மெத்தை. குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது, அதன் முனை நுழைய வேண்டிய துளையை நிலையில் போடவே இல்லை. பதினேழு வயதுப் பெண், அப்பாவும் தம்பியும் இருக்கிற அறையில் எப்படிக் குளிப்பாள்? நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரூம் பாயிடம் சொன்னதற்கு, “பேஷன்ட்டுங்க யாரும் தாழ் போட மாட்டாங்கம்மா, அதான்” என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. அந்தத் தெருக்களே நோயாளிகளுக்காக உருவானவை. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். போர்டுகளில் வங்காள எழுத்து, வராந்தாவில் காயும் துணிகள், ஸ்கேன் கவரைக் கையில் பிடித்தபடி லிஃப்டுக்குக் காத்திருக்கும் பெரியவர்கள். அவர்களிடம் இதே கவுன்டரில் என்ன வாங்குகிறார்களோ என்று நினைத்தால் எங்கள் பணம் பெரிதாகத் தெரியவில்லை. மொழி தெரியாது, ஆஸ்பத்திரியை விட்டு நகரவும் முடியாது. நாங்களாவது சண்டை போட்டோம்.

மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் லைட்டும் ஃபேனும் மட்டும்தான், ஏசி கிடையாது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இதைச் சொல்லித்தானே அறை கொடுக்க வேண்டும்? மறுநாள் காலையில் காலி செய்கிறோம், இரண்டாவது இரவுப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றோம். “அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது சார்.” மறுபடியும் அதே லேமினேட் அட்டை.

பன்னிரண்டு வயதுக்கு மேல் பெரியவர் கணக்கு என்பது பல ஓட்டல்களில் உண்டு, அதைத் தப்பென்று சொல்லவில்லை. முன்பே சொல்லாததுதான் ஏமாற்று. அதனால் புக் செய்யும் முன் ஓட்டலுக்கே போன் செய்து பிள்ளைகளின் வயதைச் சொல்லுங்கள். மொத்த வாடகை, கட்டில் எத்தனை, ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எந்தக் கட்டிடம் என்றும் கேளுங்கள். செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணியா என்பதும் முக்கியம். விடியற்காலை ரயிலில் வருகிறவர்களுக்கு அதிலேயே ஒரு நாள் வாடகை போய்விடும். வளர்ந்த பிள்ளைகள் என்றால், என்னைக் கேட்டால், ஃபேமிலி ரூம் என்பதையே விட்டுவிட்டு அடுத்தடுத்து இரண்டு சாதாரண அறை எடுப்பேன். எங்களுக்குப் போட்ட எக்ஸ்ட்ரா கணக்கோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் வராது. விஐடிதான் முக்கியம் என்றால் காட்பாடி பக்கமே பாருங்கள், ஆஸ்பத்திரித் தெருக்களுக்கு வரவே தேவையில்லை.

வரி விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். நாங்கள் போனது அதற்கப்புறம். 3,400-க்கு 170 வாங்க வேண்டிய இடத்தில் 408. அதுவும் பில்லே இல்லாமல், அரசாங்கத்துக்குப் போயிருக்குமா என்ன? பில்லில் 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள், 33 தமிழ்நாட்டுக்கான குறியீடு. எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டோம். துண்டுச் சீட்டு, அறையின் படங்கள், தாழ்ப்பாளை எடுத்த வீடியோ, ஆப் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இருக்கின்றன. அதில் முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வேலூருக்கு அலைய வேண்டாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. லாட்ஜிலிருந்து ஒருவர் போன் செய்து, “புகாரை வாபஸ் வாங்கினா ஆயிரம் ரூபாய் தர்றோம்” என்றார். நாங்கள் கேட்பது இரண்டாவது இரவுக்கான 3,808. அது வரும்வரை வாபஸ் இல்லை என்று சொல்லிவிட்டோம்.