இன்வென்டரிலிருந்து ரெவிட்டுக்கு: ஆறு வருடம் ஏ.எச்.யு. அனுப்பிப் பார்த்ததில்

பெரிய கட்டடங்களின் ஏ.சி.க்காகக் காற்றை வடிகட்டிக் குளிர்வித்து அனுப்பும் பெட்டியான ஏர் ஹேண்ட்லிங் யூனிட் (ஏ.எச்.யு.) செய்யும் கம்பெனியில் டிசைன் வேலை எனக்கு. நாங்கள் வரைவது இயந்திரங்களுக்கான 3டி மென்பொருளான இன்வென்டரில், கட்டடக்காரர்கள் வரைவது கட்டடங்களுக்கான ரெவிட்டில். இரண்டுமே ஆட்டோடெஸ்க் கம்பெனியுடையதுதானே, பாராமீட்டர் (மாடலை மாற்ற நாம் கொடுக்கும் அளவுகள்) எல்லாம் அப்படியே போய்விடும் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன்.

எங்கள் மாடலில் எல்லாமே ஃபில்டரிலிருந்து தொடங்கும். முழு ஃபில்டர் ஒன்று 592க்கு 592 மி.மீ. குறுக்கே எத்தனை, உயரத்தில் எத்தனை என்று ஐலாஜிக் (இன்வென்டரில் விதி எழுதும் வசதி) ஃபார்மில் கொடுத்தால் கேசிங் (வெளிக்கூடு) அகலம், காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) நீளம், பேனல் எண்ணிக்கை வரை தானாக மாறிக்கொள்ளும். அதையே ரெவிட் ஃபேமிலியாக (ரெவிட்டில் ஒரு பொருளைச் சேர்க்கும் கோப்பு) ஏற்றுமதி செய்தால் வடிவம் கச்சிதமாக வருகிறது, ஆனால் கல்லாக வருகிறது. மூன்று ஃபில்டரை நான்காக்க அங்கே வழியே இல்லை. இன்வென்டரில் மாடல் என்பது ஸ்கெட்ச், எக்ஸ்ட்ரூட், துளை என்று போகும் ஒரு செய்முறை. வெளியே போவது சமைத்து முடித்த பண்டம் மட்டும். பொதுவான 3டி பரிமாற்ற வடிவமான ஸ்டெப் கோப்பாக அனுப்பினாலும் நடைமுறையில் இதே கதிதான்.

இத்தனைக்கும் ரெவிட்டைத் தொடங்கிய லியோனிட் ராய்ஸ், இர்வின் யுங்ரைஸ் இருவரும் இன்வென்டர் மாதிரியே பாராமீட்டரில் ஓடும் ப்ரோ/எஞ்சினியர் மென்பொருளைச் செய்த பி.டி.சி. கம்பெனியிலிருந்து வந்தவர்கள். 1997இல் தொடங்கிய அவர்கள் கம்பெனியை 2002இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. பங்காளி வீடுதான், அடுப்பு மட்டும் தனி.

முதலில் அனுப்பிய யூனிட் மல்லாந்து படுத்தபடி போய்ச் சேர்ந்தது. இன்வென்டர் டெம்ப்ளேட்டில் எனக்கு ஒய் அச்சு மேலே, ரெவிட்டில் இசட் மேலே. ஒரு யூ.சி.எஸ். (நாமே வைக்கும் அச்சுத் தொகுதி) வைத்து, ஏற்றுமதியில் அதைத் தேர்ந்தெடுத்தால் நிமிர்ந்து நிற்கும். இரண்டாவதாக, திருகு, கீல், கேஸ்கெட் என்று எதையும் விடாமல் அனுப்பியிருந்தேன். 1/32 அங்குலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 0.8 மி.மீ.க்குக் குறைந்த கோட்டை ரெவிட் வரைய விடாது. எங்கள் பேனல் தகட்டின் கனமே 0.8! இப்போது சிம்ப்ளிஃபை (மாடலை எளிமையாக்கும் கட்டளை) செய்து உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

2021 பதிப்பில் ரெவிட் கோப்பை இன்வென்டருக்குள்ளேயே இணைத்துப் பார்க்கும் வசதி வந்தது. 2022இல் சிம்ப்ளிஃபை செய்ததை ரெவிட் கோப்பாகவே வெளியே அனுப்பலாம் என்றானது. எனக்கு உண்மையில் கைகொடுத்தது முதலாவதுதான். பிளான்ட் ரூம் (யூனிட் நிற்கும் இயந்திர அறை) பீம் கண்முன்னே தெரிந்தால் சண்டை பாதி குறையும்.

பாராமீட்டரை மாடலோடு அனுப்பும் ஆசையை மூன்றாம் வருடம் விட்டுவிட்டேன். ரெவிட்டில் வெறும் பெட்டியாக ஒரு ஃபேமிலி கட்டினேன்: கேசிங், டக்ட் வாய், குழாய் முனை, சர்வீஸ் இடம், அவ்வளவுதான். எண்களுக்கு ஒரே எக்ஸெல். இன்வென்டர் அதை நேராக வாசிக்கும். ரெவிட்டுக்கு அதையே டைப் கேட்டலாக் என்ற டெக்ஸ்ட் கோப்பாக்க வேண்டும். ஃபேமிலியின் பெயரே அதற்கும், இருப்பதும் அதே ஃபோல்டரில். தலைப்பு வரியில் முதல் கட்டம் காலி, அடுத்தது 'அகலம்##லெங்த்##மில்லிமீட்டர்ஸ்' என்ற மாதிரி போகும். ஒரு கமா கூடினால் போச்சு, எண்கள் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். ஃபேமிலியை லோடு செய்யும்போது மட்டுமே வாசிக்கும் என்பதால், அட்டவணையைத் திருத்தினால் மறுபடி லோடு செய்யச் சொல்லவேண்டும்.

பெரிய அடி விழுந்தது வேறு இடத்தில். எதிரெதிரே இரண்டு பிளான்ட் ரூம். மாடல் செய்த பையன் ஒரு யூனிட்டை மிரர் செய்து, கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டான். படத்தில் காயில் குழாய் வலப்பக்கமிருந்து இடப்பக்கத்துக்கு மாறியது. ஷெட்யூல் என்ற பட்டியலிலோ ஒரே டைப், எண்ணிக்கை இரண்டு. நாங்கள் இரண்டையும் வலக்கை யூனிட்டாகவே செய்து அனுப்பினோம். சைட்டில் சில்டு வாட்டர் (குளிர்நீர்) குழாய் இடப்பக்கம் இறங்கி நிற்கிறது. காயில் ஒன்றைப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. தப்பு என்னுடையதுதான், ஃபேமிலியில் 'கை' என்று ஒரு பாராமீட்டரே நான் வைக்கவில்லை.

ஆம்/இல்லை பாராமீட்டர் வைத்துக் குழாயை மறைத்துப் பார்த்தேன். குழாய் மறைந்தது, கனெக்டர் (ரெவிட்டில் குழாய் வந்து இணையும் புள்ளி) மறையவில்லை. கனெக்டரை அப்படி மறைக்க முடியாது. அதனால் இடக்கை, வலக்கை என்று இரண்டு தனி ஃபேமிலி. பராமரிப்பு இரட்டிப்பு, புலம்பிக்கொண்டேதான் செய்கிறேன்.

புது வேலை வந்தால் லே-அவுட் கேட்பதற்கு முன்பே, "ரெவிட் எந்த வருஷ வெர்ஷன் சார்?" என்று கேட்டுவிடுகிறேன். புதியதில் சேமித்த ஃபேமிலி பழையதில் திறக்காது.