மீன் அமிலமும் பதினாறு பாத்தியும்: ஃபிஷர் வழியா, நெய்மன் வழியா?

சிவகிரிப் பக்கம் மாமாவின் தோட்டத்தில் போன பட்டத்து மஞ்சளுக்கு மீன் அமிலம் விட்டுப் பார்த்தோம். மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் ஊறிய டிரம்மைத் திறந்தால் வீதி முழுக்க மணக்கும். அது கிடக்கட்டும். வெட்டு முடிந்து எடை போட்ட பிறகு, கணக்கைப் புள்ளியியல் அறிஞர்களான ஃபிஷர், நெய்மன் இருவரில் யார் வழியில் போடுவது என்பதில்தான் நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். இரண்டு வழியையும் போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் கணக்குத்தான் இது.

முதலில் சோதனையின் அமைப்பு. காட்டின் ஒரு கோடி சரளை, மறு கோடி நல்ல வண்டல். அதனால் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளை ஜோடி சேர்த்தோம். எட்டு ஜோடி, பாத்திக்கு ஒரு செண்ட். ஜோடியில் எதற்கு அமிலம், எதற்கு வெறும் தண்ணீர் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தோம். மாமாவுக்கு இது பிடிக்கவே இல்லை. “நல்லா வர்ற பாத்தியில ஊத்துனாத்தானே கண்ணு மருந்தோட வேலை தெரியும்?” என்றார். அப்படி ஊற்றினால் தெரிவது மண்ணின் வேலை என்று சொல்லிப் புரியவைக்க ஒரு டீ செலவானது. எடை போட்டவருக்கு எது எந்தப் பாத்தி என்று சொல்லவில்லை. ஒரு மூட்டையில் மட்டும் ஈர மண்ணோடு எடை ஏறிவிட்டது. உதறிவிட்டு மறுபடி போட்டோம்.

அமிலப் பாத்தியின் பச்சை மஞ்சள் எடையிலிருந்து தண்ணீர்ப் பாத்தியின் எடையைக் கழித்தால், ஜோடி வாரியாகக் கிலோவில்: 9, 4, -3, 12, 6, 1, -2, 5. சராசரி 4 கிலோ.

ஃபிஷர் வழியில் கேள்வி ஒன்றுதான். அமிலம் எந்தப் பாத்தியிலும் துளிகூட மாற்றம் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாணயம் வேறு மாதிரி விழுந்திருந்தாலும் ஒவ்வொரு பாத்தியின் எடையும் இதேதான்; கூட்டல் கழித்தல் குறி மட்டும் மாறும். எட்டுச் சுண்டலுக்கு 256 வகை. அத்தனையையும் எழுதிப் பார்த்தால், ஏதாவது ஒரு பக்கம் 4 கிலோவோ அதற்கு மேலோ வித்தியாசம் காட்டுபவை 20. ஆக பி மதிப்பு, அதாவது அமிலம் வேலையே செய்யாதபோதும் இவ்வளவோ அதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு, 20/256 = 0.078. பால் முதலில் ஊற்றிய தேநீரா, பிறகு ஊற்றியதா என்று குடித்தே சொல்வேன் என்ற பெண்ணுக்கு எட்டுக் கோப்பை வைத்த ஃபிஷரின் 1935 உதாரணமும் இதே தர்க்கம்தான். நான்கில் பால் முதலில்; எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழி. குருட்டாம்போக்கில் முழுக்கச் சரியாக வருவது 70-இல் ஒன்று. எடைகள் மணி வடிவ வளைவில் பரவும் என்பது போன்ற அனுமானம் எதுவும் தேவையில்லை. நாணயத்தை நாமே சுண்டியதால் அதுவே சாட்சி. இந்த அழகை நான் மறுக்கவில்லை.

ஆனால் 0.078-ஐ வைத்துக்கொண்டு மாமாவிடம் என்ன சொல்வது? பி மதிப்பு 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வழக்கமான கோடு; அதற்குள் வரவில்லை, “நிரூபணம் ஆகவில்லை” என்றேன். “அப்ப வேலை செய்யலையா?” என்றார். அதுவும் இல்லை. “அப்ப நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு வேலை செய்யுதா?” அதுவும் இல்லைங்க மாமா. கூடும் பக்கத்தை மட்டும் எண்ணினால் 10/256, அதாவது 0.039 வரும், கோட்டுக்குள் வந்துவிடும். ஆனால் அப்படித்தான் எண்ணுவோம் என்று நடவுக்கு முன்பே சொல்லவில்லையே. எடை பார்த்த பிறகு விதியை மாற்றுவது சீட்டைப் பார்த்துவிட்டு ஏலம் கேட்பது மாதிரி.

நெய்மன் 1923-இல் போலந்து மொழியில் எழுதிய கட்டுரையில் கேள்வியே வேறு. ஒவ்வொரு பாத்திக்கும் இரண்டு விளைச்சல் உண்டு: அமிலம் விட்டால் ஒன்று, விடாவிட்டால் ஒன்று. நமக்குக் காணக் கிடைப்பது இரண்டில் ஒன்றுதான். இரண்டுக்குமான சராசரி வித்தியாசம் எவ்வளவு என்பதை மதிப்பிட வேண்டும். (இந்தக் கட்டுரை ஆங்கிலத்துக்கு வந்தது 1990-இல்தான். 1935-இல் லண்டன் ராயல் புள்ளியியல் சங்கத்தில் இருவரும் மோதிக்கொண்டதற்கு, எந்தப் பாத்தியிலும் மாற்றம் இல்லையா, சராசரியில் மட்டும் இல்லையா என்ற இந்த வேறுபாடும் ஒரு காரணம்.) எங்கள் கணக்கில் மதிப்பீடு 4 கிலோ, திட்டப்பிழை (அந்த மதிப்பீடு எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு) ஏறக்குறைய 1.83. ஏழு கட்டின்மை எண்ணுக்கு (ஜோடி எண்ணிக்கையில் ஒன்று குறைவு) புள்ளியியலாரின் டி அட்டவணையில் 2.365. இரண்டையும் பெருக்கி 4-இல் கூட்டிக் கழித்தால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி -0.3 முதல் 8.3 கிலோ வரை.

பூஜ்யம் உள்ளேதான் இருக்கிறது. அந்த வகையில் ஃபிஷரும் இவரும் ஒரே பேச்சு. எனக்கு முடிவைக் கொடுத்தது வேறு. இந்த விடைக்குக் கிலோ என்ற அலகு இருக்கிறது. அலகு இருந்தால் ரூபாய் ஆக்கலாம்.

அந்தக் கணக்கையும் போட்டோம். ஏக்கருக்கு நூறு செண்ட், ஆக 400 கிலோ பச்சை. வேகவைத்துக் காய்ந்தால் ஐந்தில் ஒன்று நிற்கும், 80 கிலோ. குவிண்டால் 10,000 ரூபாய் என்று வைத்தால் 8,000. அமிலத்துக்கும் ஆள்கூலிக்கும் ஏக்கருக்கு 3,500 ஆனது. சராசரியில் 4,500 மிச்சம். இடைவெளியின் கீழ்க்கோடியில் 4,100 ரூபாய் நட்டம், மேல்கோடியில் 13,100 லாபம். செண்டுக்கு 1.75 கிலோ கூடினாலே போட்ட காசு வந்துவிடும். மாமா பென்சிலை வாங்கி அந்த 1.75-க்குக் கீழே கோடு போட்டார். 0.078-க்கு அவர் கோடு போடவில்லை. மஞ்சள் விலை இறங்கினால் அதே இடைவெளியில் புது விலையைப் போட்டுப் பார்க்கலாம். பி மதிப்பில் விலையைச் செருக இடமே கிடையாது.

இடைவெளிக்கும் குறை உண்டு. 95 சதவீதம் என்பது முறையின் நம்பகம். இதே மாதிரி திரும்பத் திரும்பச் செய்தால் நூற்றுக்கு 95 இடைவெளிகள் உண்மையைப் பிடிக்கும் என்றுதான் பொருள். எட்டே ஜோடிக்கு டி அட்டவணையை நம்புவது வித்தியாசங்கள் ஓரளவு சீராகப் பரவியிருக்கும் என்ற துணிச்சலில்தான். அந்த 12 கிலோ ஜோடி 40 கிலோ காட்டியிருந்தால் நான் ஃபிஷரின் நாணயக் குலுக்கல் பக்கம் சாய்ந்திருப்பேனோ என்னவோ. அப்படிப்பட்ட தரவோடு மல்லுக்கட்டிய அனுபவம் எனக்குக் குறைவு. குலுக்கலிலிருந்தும் இடைவெளி எடுக்கலாம்: எல்லாப் பாத்தியிலும் ஒரே அளவு கூடியது என்று வைத்து, எந்தெந்த அளவைச் சோதனை தள்ளவில்லை என்று பார்க்கலாம். ஆனால் சரளைக்கும் வண்டலுக்கும் ஒரே அளவு கூடும் என்பதை மாமாவே நம்பமாட்டார். பாத்திக்குப் பாத்தி பலன் மாறினால் நெய்மனின் திட்டப்பிழை சராசரியில் கூட்டித்தான் சொல்லும், குறைத்துச் சொல்லாது. அந்தத் தப்பு எனக்குச் சம்மதமே.

இந்தப் பட்டத்துக்கு மூன்று ஏக்கரில் ஒன்றுக்கு அமிலம் விடுவது என்று பேசியிருக்கிறோம். இடைவெளி பாதியாகச் சுருங்க நாலு மடங்கு, அதாவது 32 ஜோடி வேண்டும் என்றேன். “எடை போட ஆள யாரு கூட்டியாறது?” என்றார் மாமா. பேசிப் பேசி 12 ஜோடியில் நிற்கிறது. நாணயத்தை இந்த முறை அவரே சுண்டுகிறாராம்.